எந்தத் துணியை முதலில் அலசுவது?

மகளுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஜாக்கெட் என்றதும் ரவிக்கை என்று நினைக்க வேண்டாம். குளிருக்குப் போடுகிற மேல்சட்டை. முன்னும் பின்னும் டெனிம், நம்ம சனங்க ஜீன்ஸ் துணி என்று சொல்வது. கை இரண்டும், காலரும், இடுப்பைப் பிடிக்கிற அடிப்பட்டியும் மிஷினில் பின்னியது. அவளுக்கு பெங்களூரில் வேலை. மார்கழி மாசம் காலை ஆறு மணிக்கு ரோட்டில் நின்று கம்பெனி வண்டி பிடிக்கணும். கடையில் ஒரு ஜாக்கெட்டைப் பார்த்திருக்கிறாள். விலைச்சீட்டையும் பார்த்திருக்கிறாள். ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, "அம்மா, இத நீ தைக்க மாட்டியா?" என்று கேட்டாள்.

தைக்க மாட்டேனா? 1989இல், பதினேழு வயசில், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அய்யாவோடு திருப்பூருக்கு வந்தவள் நான். முதலில் கைமடித்தேன், பிசிறு வெட்டினேன், செக்கிங் மேசையில் நின்றேன். பிறகு ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று ஒவ்வொரு மிஷினாக ஏறி, கடைசிப் பதினொரு வருசம் சாம்பிள் தைத்தேன். வெளிநாட்டுக்காரன் படத்தில் அனுப்புவதை முதல்முதலாக உருப்படியாக்கிக் காட்டுகிற வேலை. இன்றைக்குக் கண்பார்வை குறைந்து வீட்டில் ஒரு மிஷினோடு இருக்கிறேன். நாலு நாளில் முடிய வேண்டிய ஜாக்கெட் இது. ஒன்றரை மாசமாகக் கிடக்கிறது. துணி மேல் குறையில்லை. தைக்கத் தைக்க ஒரு கேள்வி வந்து ஊசியை நிறுத்திவிடுகிறது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே வைக்கிறேன். ரெண்டு பேர் சேரும்போது வளைந்து கொடுக்க வேண்டியவர் யார்?

கேள்வி எங்கிருந்து வந்தது என்று விளங்க, முதலில் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டெனிம் நெய்த துணி. பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. பாவு மூன்று ஊடைக்கு மேலேயும் ஒரு ஊடைக்குக் கீழேயுமாகச் சாய்ந்து சாய்ந்து போகும். அதனால்தான் வெளியே நீலமாகவும் உள்ளே வெளுப்பாகவும் இருக்கிறது. இழுத்துப் பாருங்கள், ஒரு நூல்கூட நகராது. பனியன் துணி அப்படியில்லை. அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளையம் வளையமாகத் தன்னைத்தானே கோத்துக்கொண்டு போகும். இழுத்தால் வளையம் திறக்கும், விட்டால் மூடும். அதிலும் ரிப் என்கிற பின்னலில் ஒரு வரிசை முன்பக்கமும் அடுத்த வரிசை பின்பக்கமுமாக இருப்பதால் இன்னும் அதிகமாக இழுபடும். கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் ரிப்பைப் போடுவது அதனால்தான்.

இந்த ரெண்டையும் ஒரே தையலில் சேர்க்க ஒரு கணக்கு உண்டு. ஜாக்கெட்டின் அடிச்சுற்று டெனிமில் 100 சென்டிமீட்டர் என்றால் ரிப்பை 100க்கு வெட்டக் கூடாது. வெட்டினால் இடுப்பில் பிடிக்காது, பாவாடை மாதிரித் தொங்கும். 80க்கு வெட்டணும். டெனிமை நாலாகப் பிரித்து 25, 25 ஆக சாக்பீசால் குறிக்கணும். ரிப்பை நாலாகப் பிரித்து 20, 20 ஆகக் குறிக்கணும். குறியோடு குறியைப் பொருத்தி, டெனிமை அடியில் விட்டு, ரிப்பை மேலே பிடித்து, இருபதை இருபத்தஞ்சாக இழுத்துக்கொண்டே தைக்கணும். டெனிமை இழுக்கவே கூடாது. புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்: "அது வராது பாப்பா. இதுதான் அனுசரிச்சுப் போகும். இத இழு."

முப்பது வருசம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை. போன ஐப்பசியில் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். அன்றைக்குத்தான் உறைத்தது.

பையன் மகளோடு வேலை பார்க்கிறவன். நல்ல பிள்ளை. இந்தப் பக்கத்துத் தோட்டம் துரவு உள்ள குடும்பம், நிலம் வைத்திருக்கிற சாதி. அவனும் அவனுடைய அம்மாவும் மட்டும் வந்தார்கள். அந்தம்மா என் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. பையன் ஆசப்பட்டுட்டான், பொண்ணும் தங்கமான பொண்ணு. சொந்தபந்தத்துக்குத்தானுங்க பயப்பட வேண்டியிருக்குது. நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போனீங்கன்னா எல்லாம் நல்லபடியா முடிஞ்சு போயிருமுங்க."

அனுசரிக்க வேண்டியவை மூன்று. பத்திரிகையில் அம்பேத்கர் படம் வேண்டாம். எங்கள் சொந்த ஊர்ப் பெயர் வேண்டாம், திருப்பூர் என்று மட்டும் போட்டால் போதும். ஊரிலிருந்து எங்கள் சனம் வேன் வைத்து வர வேண்டாம், ஒரு இருபது பேர் வந்தால் போதும். "மத்தபடி ஒரு செலவும் உங்களுக்கு வெக்க மாட்டோமுங்க" என்றார்.

அந்தம்மாவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்து உட்காரவே அவருக்கு நிறைய நெஞ்சுறுதி வேண்டியிருந்திருக்கும். அவர் கேட்ட விதத்தில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவர்கள் போனபிறகு நான் மிஷினில் உட்கார்ந்தேன். ரிப்பைக் கையில் பிடித்தேன். இருபதை இருபத்தஞ்சாக இழுத்தேன். அங்கேயே நின்றுபோனது.

வளையத் தெரிந்தவன் வளைந்தால் என்ன தப்பு? பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நமக்குச் சொல்லித் தராத ஆள் உண்டா? வாத்தியார் சொன்னார், சாமியார் சொன்னார், பஞ்சாயத்தில் சொன்னார்கள், போலீஸ் ஸ்டேஷனில் சமாதானம் பேசும்போதும் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயம் மாதிரித்தான் இருக்கும். டெனிமை இழுத்தால் வராது, ரிப்பை இழுத்தால் வரும். எது வருமோ அதைத்தானே இழுக்க முடியும்? சட்டை முடியணும் இல்லையா?

மேசை மேல் கிடந்த துணித்துண்டுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது இந்த நியாயத்தில் இருக்கிற ஓட்டை தெரிந்தது. ரிப் இழுபடுகிறது, சரி. அதை 80க்கு வெட்டியது யார்? ரிப்பாக விரும்பி 80 சென்டிமீட்டர் ஆகவில்லை. கத்திரி போட்டது நான். குறைத்து வெட்டிவிட்டு, குறைந்ததை நூறாக இழு என்று சொல்கிறேன். இழுபட்டு வந்ததும், பார் எவ்வளவு பொறுமை என்று மெச்சுகிறேன். பொறுமையைப் பற்றிப் பேசுகிறவன் எவனும் கத்திரியைப் பற்றிப் பேசுவதில்லை.

எங்கள் குடும்பத்துக்குக் கத்திரி விழுந்த வருசம்கூட எனக்குத் தெரியும். 1930 டிசம்பர். ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன், சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அந்த எட்டையும் வரிசையாகக் கொடுத்திருக்கிறார். தங்க நகை, வெள்ளி நகை போடக் கூடாது. ஆம்பளை வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பொம்பளை ரவிக்கையோ தாவணியோ போட்டு மாரை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறிய இடத்தில் குடிசையைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இது போதாதென்று அடுத்த வருசம் தடையைப் பதினொன்றாக்கினார்கள்.

கோட்டு, சட்டை, பனியன். இந்த மூன்றையும் ஒரே வரியில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு தொண்டையை அடைத்தது. என் மேசையில் கிடப்பது அந்த மூன்றும் சேர்ந்த உருப்படி. மேலே கோட்டு, வெட்டில் சட்டை, கையில் பனியன் துணி.

புத்தகம் கைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாடியே அப்பத்தா இதைச் சொல்லியிருக்கிறாள். "உங்க தாத்தன் கொழும்புலருந்து வந்தவுககிட்ட ஒரு பனியன் வாங்கி வச்சிருந்தாக. அத மடிச்சு ஓலப்பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போவாக. ஊரு எல்ல தாண்டி கருவேலங்காட்டுக்குள்ள போயி எடுத்து மாட்டுவாக. திரும்பி வாறப்ப அதே எடத்துல கழட்டிருவாக. செத்தப்பெறவு நாந்தேன் அத அவுக மேல போட்டேன். அப்ப மட்டும் எவனும் ஒண்ணுஞ் சொல்லல." அப்பத்தா இதை அழாமல்தான் சொல்வாள். "அனுசரிச்சுப் போனோம்த்தா" என்று முடிப்பாள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தாத்தா பேரன் பேத்தி பிழைக்க வந்த ஊர் பனியனால் வாழ்கிற ஊர். அவர் கருவேலங்காட்டில் ஒளித்து மாட்டியதை நான் நாளைக்கு நூற்றுக்கணக்கில் தைத்தேன். இது விடுதலை இல்லையா என்று கேட்டால், பாதி என்பேன். தைக்கிற உரிமையை யாரும் தடுக்கவில்லை. அதே உழைப்பாளியின் ஊர்ப்பெயரை ஒரு கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்குத்தான் இப்போது தடை. தடைகளின் எண்ணிக்கை எட்டு, பதினொன்று என்று ஏறியது, இன்றைக்கு மூன்றாக இறங்கியிருக்கிறது. அதட்டி வந்தது கெஞ்சி வருகிறது. கேட்கப்படுவது மட்டும் மாறவில்லை. நீங்கள் இருக்கலாம், தெரியக் கூடாது.

பொறுமைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நல்ல ரிப் இழுபட்டுத் திரும்பி வரும். அதனால்தான் அதற்கு மதிப்பு. ஓர் எல்லைக்கு மேல் இழுத்தாலோ, இழுத்த நிலையிலேயே ரொம்ப நாள் வைத்தாலோ திரும்பாது. தொளதொளத்துப் போகும். அப்புறம் அதை எதற்கும் பயன்படுத்த முடியாது. எவ்வளவு இழுபடும் என்று மட்டும் பார்க்கிறவன் தையல்காரன் இல்லை. திரும்பி வருமா என்று பார்க்கிறவன்தான் தையல்காரன்.

1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். தாழ்த்தப்பட்டோருக்கு என்று கிடைத்திருந்த தனி வாக்காளர் தொகுதியை அம்பேத்கர் விட்டுக்கொடுத்தார். நாடு முழுக்க அவரைப் பார்த்து வளைந்து கொடு, ஓர் உயிரைக் காப்பாற்று என்றது. கொடுத்தார். கொடுத்தது திரும்பி வரவில்லை. நாலு வருசம் கழித்து 1936இல் லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. அழைத்தவர்கள் உயர்சாதி இந்துக்கள், சீர்திருத்தக்காரர்கள், நல்லெண்ணக்காரர்கள்தான். உரையைப் படித்ததும் சில பகுதிகளை எடுத்துவிட்டால் நல்லது என்றார்கள். அவர் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று எழுதிவிட்டார். மாநாடு நடக்கவில்லை. பேசாத பேச்சைத் தன் சொந்தச் செலவில் அச்சடித்தார். அதுதான் தமிழில் 'சாதியை ஒழிக்க வழி' என்று நாம் படிப்பது. கலப்பு மணம்தான் சாதிக்கு உண்மையான மருந்து என்று சொன்னதும் அதே புத்தகம்தான். கலப்பதற்கு வழி சொன்ன மனுசன், கலப்பதற்காகத் தன் பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை. என் கேள்விக்கு இது ரொம்பப் பக்கத்தில் வருகிறது.

இங்கே என்னை நானே மறிக்க வேண்டியிருக்கிறது. துணியை வைத்து மனுசனைப் பேசுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. டெனிம் வேறு, பனியன் வேறு. பிறப்பிலேயே ரெண்டும் வேறு வேறு துணி, அதற்கு ஒரு குணம், இதற்கு ஒரு குணம் என்றால், வருணம் பேசுகிறவனும் அதைத்தானே சொல்கிறான்? அவனுக்கு நான் உவமை தைத்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

ஆகாது. ஏனென்றால் ரெண்டும் பருத்தி. அதே காட்டில் விளைந்தது, அதே மில்லில் நூற்றது. நூலாக இருக்கும்போது இது டெனிம் ஆகும், இது பனியன் ஆகும் என்று எந்தக் கொம்பனாலும் பிறப்பை வைத்துச் சொல்ல முடியாது. தறியில் ஏற்றினால் விறைக்கிறது, பின்னல் மிஷினில் ஏற்றினால் நெகிழ்கிறது. விறைப்பும் நெகிழ்வும் நூலின் குணம் இல்லை, மிஷின் செய்த வேலை. டெனிமின் நீலம்கூட நூலின் மேல்தோலில்தான் இருக்கிறது. ஒரு பாவு நூலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், நடுவில் வெள்ளை. அவுரிச் சாயம் உள்ளே இறங்குவதில்லை, சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தேயத் தேய உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும். ஜீன்ஸ் வெளுப்பது அப்படித்தான்.

நீலம் நம்ம நிறம். கொடியும் அதுதான், அவருடைய சிலைக்குப் பூசுகிற கோட்டும் அதுதான். அதைப் போய் விறைத்த துணிக்குக் கொடுத்துவிட்டாயே என்று ஒரு தோழர் கேட்டார். துணிக்கடையில் கட்சி பார்க்க முடியாது தோழர். நான் சொல்ல வருவது நிறத்தைப் பற்றி இல்லை. எது கறை, யார் கறை என்பதைப் பற்றி.

ஒரு சங்கதி சொல்கிறேன். நான் சாம்பிள் தைக்கப் போன புதிதில் இதே மாதிரி டெனிமும் ரிப்பும் சேர்ந்த ஆர்டர் ஒன்று வந்தது. ரிப் வெளிர் சாம்பல் நிறம். தைத்து, அயர்ன் போட்டு, மடித்து வைத்தால் ரிப் முழுக்க அழுக்குத் திட்டு. மேலாளர் வந்து பார்த்தார். செக்கிங் மேசையில் நின்ற பெண்களைப் பார்த்தார். "கையக் கழுவிட்டு வந்து தொடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார். அந்த மேசையில் நின்ற ஏழு பேரில் ஆறு பேர் எங்கள் சனம். நாலு நாள் சோப்பு போட்டுக் கழுவி, கையைக் காட்டிவிட்டு வேலைக்கு நின்றோம். திட்டு அப்படியே வந்தது. பிறகு நான் ஒரு வெள்ளைப் பனியன் துண்டை எடுத்து டெனிம் மேல் பத்துத் தடவை தேய்த்துக் காட்டினேன். துண்டு நீலமானது. அலசாத டெனிம் தொட்டதில் எல்லாம் சாயத்தை ஏற்றும். கறையைப் போட்டது டெனிம், கறை விழுந்தது ரிப்பில், கை கழுவச் சொன்னது எங்களை. மேலாளர் "ஓகோ" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றிலிருந்து நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். டெனிமை வெட்டுவதற்கு முன்னால் அலசிவிடுவேன். வெந்நீரில் ஒரு தடவை, பச்சைத்தண்ணியில் ரெண்டு தடவை. நீலத் தண்ணீர் ஓடி முடியும் வரைக்கும். அப்போதே அது சுருங்கவும் செய்யும். மகளுக்கு வாங்கின துணி மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் சுருங்கியது. அலசாமல் தைத்திருந்தால் அந்தச் சுருக்கம் தைத்தபிறகு வந்திருக்கும். டெனிம் சுருங்கினால் பக்கத்தில் இருக்கிற பின்னல் கோணிக்கொண்டு போகும். பார்க்கிறவன் பின்னல் சரியில்லை என்பான்.

சேர்த்தபிறகும் ஒரு விதி இருக்கிறது. தையலுக்கு விட்ட துணி உள்ளே கனமாக நிற்கும். அதை எந்தப் பக்கம் சாய்ப்பது? ரிப் பக்கம் சாய்த்தால் ரிப் நெகிழ முடியாது, தடித்துப் போகும். டெனிம் பக்கம் சாய்த்து, டெனிம் மேல்தான் மேல்தையல் போடணும். சேர்ந்த இடத்தின் பாரம் பூராவையும் விறைத்த துணிதான் தாங்கணும். ஊசியிலும் கவனம் வேண்டும். டெனிமுக்குப் போடுகிற கூர் ஊசி பின்னலின் வளையத்தைக் குத்தி அறுத்துவிடும். அன்றைக்குத் தெரியாது, நாலு தடவை துவைத்தபிறகு ஓட்டை ஓடும். உருண்டை முனை ஊசி வளையத்தை விலக்கிவிட்டுப் போகும். அதைப் போட்டு மெதுவாகத் தைக்கணும். கடினமான துணிக்கு வசதியான ஊசியை எடுத்துக்கொண்டு மெல்லிய துணிக்குள் போகாதே. சாம்பிள் ரூமில் இதெல்லாம் சாதாரண விசயம். இதற்கெல்லாம் யாரும் புரட்சி என்று பெயர் வைக்கவில்லை.

சேருகிற இடம்தான் எப்போதும் முதலில் கிழியும். ஜீன்ஸ் பையின் மூலையில் செம்பு ஆணி அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்கிற தையல்காரர் கண்டுபிடித்தது. கூலியாட்களுக்குத் தைத்த கால்சட்டை மூட்டுமூட்டாகக் கிழிகிறது என்று அங்கே ஆணி அடித்துப் பார்த்தார். உரிமம் வாங்கப் பணம் இல்லாமல், தனக்குத் துணி கொடுத்துவந்த வியாபாரி லெவி ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்தார். 1873 மே 20இல் உரிமம் கிடைத்தது. உலகத்துக்கே தெரிந்தது வியாபாரியின் பெயர். தையல்காரனின் பெயர் பத்திரிகையில் போடாமல் விட்ட ஊர்ப்பெயர் மாதிரி ஆகிவிட்டது.

சரி, மகள் என்ன சொல்கிறாள்? அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் ஏமாற்றுக்காரி.

அவள் சொன்னாள்: "அம்மா, கல்யாணம் எனக்கு. பத்திரிகைய மூணு நாள்ல குப்பையில போட்டுருவாங்க. அதுல ஒரு படம் இல்லாட்டி என்ன? நான் அவர மறந்துருவேனா? நீ உன் கொள்கைக்கு என்ன வச்சு சோதன பண்ணாத."

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்னொருத்தி வாழ்க்கையில் நான் வளைய மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அதோடு பயமும் இருக்கிறது. 2016 மார்ச் 13ஆம் தேதி இதே மாவட்டத்தில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். கூட நின்ற மனைவி கௌசல்யாவையும் வெட்டினார்கள். அவள் பிழைத்தாள், அவன் செத்தான். அந்தக் கேமராப் படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் இல்லை. இது தெரிந்த எந்தத் தாயும் ஒரு படத்தைவிடப் பிள்ளை முக்கியம் என்றுதான் சொல்வாள். நானும் ஓர் இரவு முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

விடியும்போது தெளிந்தது. சங்கர் தன்னை மறைக்காததால் சாகவில்லை. ஊர்ப்பெயரை மறைத்தால் உயிர் தப்பும் என்பது நிச்சயமில்லை. மறைத்த பெயர் ஒருநாள் தெரியத்தான் போகிறது. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தீபாவளிக்கோ ஒரு சாவுக்கோ தெரியும். அன்றைக்கு அவர்கள் சொந்தபந்தம், ஏமாத்திட்டாங்க என்று சொல்லும். அலசாத டெனிம் சேர்த்தபிறகு சுருங்குவது இதுதான். என் மகள் அப்போது தனியாக அந்த வீட்டுக்குள் இருப்பாள்.

ஆகவே கேள்வியையே நான் தப்பாகக் கேட்டிருக்கிறேன். யார் வளைவது என்பது ரெண்டாவது கேள்வி. எது முதலில் அலசப்படுவது என்பதுதான் முதல் கேள்வி. வளைவது கேவலமில்லை. பிரியத்துக்காக வளையாத மனுசன் உண்டா? என் மகள் அந்த வீட்டுச் சமையலுக்கு வளையட்டும், அவர்கள் பேச்சுக்கு வளையட்டும், மாமியாரின் முட்டிவலிக்கு எழுந்து தைலம் தேய்க்கட்டும். அவனும் இங்கே வந்து அதையெல்லாம் செய்யட்டும். அது வளைந்து திரும்பி வருகிற வளைவு. ஊரை மறை, படத்தை எடு, சனத்தைக் குறை என்பது வளைவு இல்லை, வெட்டு. வெட்டினது நீளாது. அலசலை அவர்கள் செய்யாமல் வெட்டை நாங்கள் தாங்கிச் செய்கிற சேர்க்கைக்கு நல்லிணக்கம் என்று பெயர் வைக்க முடியாது.

மகளிடம் சொன்னேன்: "உன் கல்யாணத்த நான் தடுக்கல. ஆனா தாத்தன் பனியனக் கழட்டுன எடத்துல நின்னு என்னால ஊரு பேர அடிக்க முடியாது. இது நீ மட்டும் முடிவு பண்ற விசயமும் இல்ல, நான் மட்டும் முடிவு பண்றதும் இல்ல. அந்தத் தம்பியக் கூப்பிடு."

பையன் வந்தான். பத்திரிகைக்கு எழுதிய தாளை அவன் கையில் கொடுத்தேன். படம் ஒட்டியிருந்தது, ஊர்ப்பெயர் இருந்தது, தாத்தா பெயரும் அப்பத்தா பெயரும் இருந்தது. "தம்பி, நான் ஒங்கள எதுவும் கேக்கல. இத எடுத்துட்டுப் போயி ஒங்க பெரியப்பா சித்தப்பா வீட்டுக்கெல்லாம் ஒங்க கையாலயே காட்டுங்க. இவங்கதான் எம் பொண்டாட்டி வீட்டுக்காரங்கன்னு நீங்களே சொல்லுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அத வந்து எங்கிட்டச் சொல்லுங்க. அதுக்கப்பறம் அச்சடிப்போம். வர முடியாதவங்க வர வேணாம். ஆனா எதுக்கு வரலன்னு அவங்க வாயால சொல்லட்டும்" என்றேன்.

ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத நான்தானுங்க அத்த மொதல்லயே செஞ்சிருக்கணும்" என்றான். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் பயம் இருந்தது. என் வயிற்றிலும் இருந்தது. அலசுவது அவனுக்கு லேசான வேலை இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அது அவன் வேலை.

பதினெட்டு நாள் ஆகிவிட்டது. ரெண்டு பெரியப்பா வீட்டில் காட்டிவிட்டதாக மகளிடம் சொல்லியிருக்கிறான். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்களாம். இன்னொரு வீட்டில் பெரியம்மா மட்டும், பொண்ணு போட்டோ இருந்தாக் காட்டு என்று கேட்டாராம். மிச்சம் மூன்று வீடு இருக்கிறது.

நேற்று ராத்திரி ரிப்பை வைத்துத் தைத்து முடித்தேன். குறியோடு குறி சரியாக வந்தது. கையில் இழுத்து விட்டுப் பார்த்தேன், திரும்பி வந்தது. வெள்ளைத்துணியால் டெனிமைத் தேய்த்துப் பார்த்தேன், நீலம் ஒட்டவில்லை. இனிப் பித்தான் அடிக்கணும், ஆறு பித்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். போட்டுப் பார்த்தபிறகு அடிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.